மீன் வெட்டும் கத்திக்கு எந்த வைரத் தகடு?

கேள்வி (திருகோணமலை):
வீட்டில் பாரையும் அறுக்குளாவும் வெட்டுகின்ற துருப்பிடிக்காத எஃகுக் கத்திகளைத் தீட்டுவதற்கு வைரத் தகடு ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். 325, 600, 1200 என மூன்று இலக்கங்களில் (இலக்கம் கூடக்கூட வைரத்துகள் நுண்ணியது) கிடைப்பதால், ஒன்றை மட்டும் வாங்குவதாயின் எதைத் தெரிவு செய்யலாம்?

மறுமொழி 1:
600 போதும், அண்ணை. அதன் துகள் ஏறத்தாழ 25 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுடையதாகையால், அலகில் அது விடுகின்ற நுண்ணிய பல் மீன் தோலில் வழுக்காமல் இறங்கும். 325 வாய் உடைந்த கத்திக்கே தேவைப்படும்.

மறுமொழி 2:
எலும்பை விட்டுச் சதையை மட்டும் சீவி எடுப்பவராயின் 1200 ஐயும் பின்னர் வாங்குங்கள். எதுவாயினும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். நிக்கல் பூச்சில் பதிந்துள்ள வைரத்துகள் பெயர்ந்துவிடும். எண்ணெய் அவசியமில்லை, தண்ணீர் போதும். புதுத் தகடு முதலில் சற்று முரடாகவே அராவும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 600 ஐயே வாங்குகிறேன்.