கட்சிக்கு காசு குடுத்தவன் பேர வெளிய சொல்லியே ஆகணுமா?

கடைசிபெஞ்சு: 2024 பிப்ரவரி 15ல, பேர வெளிய சொல்லாம பேங்க்ல வாங்கி கட்சிக்கு காசு குடுக்க வச்சிருந்த தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு உச்சநீதிமன்றம் சொன்னப்ப எல்லாரும் கைதட்டுனீங்க, நான் தட்டல. எங்க சித்தப்பா சின்னதா ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, எதிர்க்கட்சிக்கு செக்குல 25,000 குடுத்தாரு, 20,000த்துக்கு மேல போனா பேரு அட்ரஸ் எல்லாம் தேர்தல் கமிஷனுக்குப் போயிடும்ல, லிஸ்ட்டு வெப்சைட்ல ஏறிடுச்சு. ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் கடைக்கு வந்து டீ குடிச்சுட்டு "என்னண்ணே, நம்மள மறந்துட்டீங்க"ன்னு சிரிச்சாரு. அந்த சிரிப்புக்கு இன்னொரு 25,000.

கணக்குப்புலி: சித்தப்பா பாவம்தான் ப்ரோ, ஆனா அவர முன்னாடி நிறுத்தி 1,368 கோடிக்கு பத்திரம் வாங்குன லாட்டரி கம்பெனிக்கு குடை பிடிக்காதீங்க. 2017 வரைக்கும் ஒரு கம்பெனி மூணு வருஷ சராசரி லாபத்துல 7.5 சதவீதத்துக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அதத் தூக்குனதும் நஷ்டத்துல ஓடுற கம்பெனியும் அள்ளிக் குடுக்கலாம்னு ஆச்சு. நஷ்டத்துல இருக்கவன் யார் காசப்பா குடுப்பான்?

கடைசிபெஞ்சு: பேரு தெரியலன்னா பழிவாங்க மாட்டாங்கல்ல, அதுக்குத்தான அந்தத் திட்டமே

மைனா: யாருக்குத் தெரியல? வித்தது எஸ்பிஐ மட்டும், அதுவும் வாங்குறவன் யாருன்னு கேஒய்சி பேப்பர் வாங்கிட்டு. பத்திரத்துல கண்ணுக்குத் தெரியாத நம்பர் வேற, அல்ட்ரா வயலட் லைட்டு அடிச்சாதான் தெரியும். மறைச்சது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். பத்திரம் யார் வாங்குனதுன்னு கோர்ட்டு லிஸ்ட்டு கேட்டப்போ ஜூன் 30 வரைக்கும் டைம் வேணும்னு நின்ன பேங்க்கு, கோர்ட்டு அதட்டுன மறுநாளே குடுத்துச்சு, எந்த அலமாரில வச்சிருந்தாங்களோ

கடைசிபெஞ்சு: சரி, கம்பெனி மேட்டர விட்டுடுறேன். தனி ஆளு? ஒருத்தன் எந்தக் கட்சி ஆதரவுங்கறதும் அந்தரங்க உரிமைக்குள்ள வரும்னு அதே தீர்ப்புல இருக்கு, அத மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்க

கணக்குப்புலி: பேசுவோமே. 20,000த்த 1 லட்சமா ஏத்துனா சித்தப்பா தப்பிப்பாரு, ஆனா 10 லட்சம் குடுக்குறவன் அத துண்டு துண்டா வெட்டி டிரைவர், சமையல்காரர் பேர்லல்லாம் குடுப்பான். கேஷா 2,000 வரைக்கும் வாங்கலாம்னு இருக்கு, 1,999க்கு ரசீது புக்கு அடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?

மைனா: அது கெடக்கட்டும், சித்தப்பா அடுத்த தடவ எவ்ளோ குடுத்தாரு?

கடைசிபெஞ்சு: 19,500