தாழ்நிலச் சதுப்பை மீட்க வாய்க்காலை அடைத்தால் போதுமா?

கோரைப்புல்:
எங்கள் குழு ஒரு தாழ்நிலச் சதுப்பை மீட்கப் போகிறது. பல காலம் வடிகால் வெட்டி, உரம் போட்டு உழுத இடம். பாதி மக்கிய செடிகளால் ஆன பீட் மண் காய்ந்து அமிழ்ந்துவிட்டது. வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் போதும் என்கிறார்கள். அதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

ஊற்றுக்கண்:
முதலில் அங்கே நிற்கப்போவது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். மழைநீரா, கீழிருந்து ஊறுவதா, ஆற்று வெள்ளமா? மட்டத்தை மட்டும் அளந்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரே இடத்தில் ஆழமாக ஒன்று, மேலாக ஒன்று என இரண்டு பீசோமீட்டர் குழாய்கள் (அடிமுனை நிற்கும் ஆழத்தின் நீரழுத்தத்தைக் காட்டுபவை) இறக்குங்கள். ஆழக் குழாயில் மட்டம் உயர்ந்து நின்றால் நீர் மேல்நோக்கி ஊறுகிறது. தாழ்ந்து நின்றால் கீழே இறங்குகிறது. ஓராண்டாவது அளக்க வேண்டும், வறண்ட மாதங்களில் திசையே மாறும் இடங்கள் உண்டு.

கூடவே மின்கடத்துதிறன், கால்சியம், குளோரைடு. மழைநீரின் கடத்துதிறன் பெரும்பாலும் செ.மீ.க்கு 50 மைக்ரோசீமென்ஸுக்குள் அடங்கும். சுண்ணாம்புப் பாறை வழியே வந்த நீர் பல நூறு காட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊற்றுநீரை நம்பிய சதுப்பில் தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் அடைத்துவிட்டால், மழைநீர் மேலே தனிப் படலமாகத் தங்கி, ஊற்றுநீரை வேர்களுக்கு வரவிடாது. மேல்மண் அமிலமாகும். ஈரம் இருக்கும், நீங்கள் மீட்க நினைத்த செடிகள் இருக்காது.

வண்டல்:
உரம் போட்ட மண் என்றால் பாஸ்பேட்டையும் பாருங்கள். அது இரும்போடு பிணைந்து கிடக்கும். நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரையும், பாஸ்பேட்டும் விடுபடும். பிறகு பாசியும் சம்பங்கோரையும்தான் மண்டும். சல்பேட் மிகுந்த ஆற்றுநீரை விட்டால் இன்னும் கெடுதல்: அது சல்பைடாகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாஸ்பேட்டைக் கட்டிவைக்க இரும்பு மிஞ்சாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பதா என்பதை இந்த அளவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோரைப்புல்:
நன்றி. மாதிரிகள் ஆய்வகம் போய்ச்சேர இரண்டு நாளாகும். பரவாயில்லையா?

ஊற்றுக்கண்:
குழாயில் தேங்கிய பழைய நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறியதை எடுங்கள். பிஎச்சும் கடத்துதிறனும் அங்கேயே அளக்க வேண்டியவை. கார்பன் டையாக்சைடு வெளியேறினால் பிஎச் ஏறிவிடும். இரும்புக்கும் பாஸ்பேட்டுக்கும் எடுத்ததைக் காற்றுப் படாமல் உடனே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, குளிரில் வைத்து அனுப்புங்கள். இரும்புக்கான குப்பியில் மட்டும் நைட்ரிக் அமிலம் சேருங்கள். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகப் படிந்து பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அப்போது மண்ணில் நிறைய இருக்க, அறிக்கையில் குறைவு என்று வரும்.