குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்த அனுபவம்: தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள்

யாழினி அம்மா, திருச்சி:

மகளுக்குப் பிறந்த மூன்றாம் நாளே மஞ்சள் காமாலை ஏறி, ரத்தம் மாற்ற வேண்டி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஓஏஇ என்ற இன்னொரு காது டெஸ்ட் எடுத்து, "இரண்டு காதும் பாஸ்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நிம்மதியாக இருந்தோம். பத்தாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "காமாலை இவ்வளவு ஏறின குழந்தைக்கு இது மட்டும் போதாதும்மா, பெராவும் எடுத்துடுங்க" என்றார்.

டெஸ்ட் எடுக்கும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) போனில் இரண்டே விஷயம் சொன்னார்: தலைக்கு எண்ணெய் வேண்டாம், வழியில் தூங்கவிடாதீர்கள். முதல் தடவை இரண்டுமே தப்பிப்போனது. அம்மா பழக்கத்தில் உச்சியில் எண்ணெய் தொட்டு வைத்திருந்தார். நெற்றி வரை வழிந்து, மூளையின் மின்சாரத்தைப் பதிய ஒட்டும் எலக்ட்ரோடு நிற்கவில்லை. பஸ்ஸிலேயே தூங்கி முடித்திருந்தவள் அங்கே கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

நான்கு நாள் கழித்து மறுபடி போனோம். அங்கேயே பால் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டியதும் கண் செருகியது. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒட்டினார்கள். காதில் வைத்த சின்ன ரப்பர் முனையிலிருந்து 'டக் டக்' என்று விடாமல் சத்தம். திரையில் முதலில் வெறும் கிறுக்கல்தான். ஆயிரம், இரண்டாயிரம் சத்தம் போய், எல்லாவற்றையும் சராசரி எடுக்க எடுக்க, கிறுக்கல் அடங்கி மேடுகள் எழுந்தன. சத்தம் போன 10 மில்லிவினாடிக்குள் மூளைத்தண்டு தரும் பதில் அது. ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காதாம். குழந்தை வாயைச் சப்பினாலே தசையின் மின்சாரம் அதை மூடிவிடும். தூங்க வேண்டும் என்று ஏன் அத்தனை முறை சொன்னார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். காது கேட்கிறதா என்று பார்க்க உதவும் ஐந்தாவது மேடு சிறுத்து, வலப்பக்கம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 30 டெசிபெல் என்ற மெல்லிய சத்தத்தில் வருடினாற்போல ஒரு சின்ன மேடு. அதை இரண்டு தடவை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். பொருந்தியது. என் மகள் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்! அங்கேயே அழுதுவிட்டேன்.

கவின் அப்பா, மதுரை:

எங்களுக்கு அந்த மேடு வரவில்லை, சகோதரி. இவனுக்கும் காமாலைதான், ஓஏஇயும் பாஸ்தான். 90 டெசிபெல் என்ற பெரிய சத்தத்திலும் ஐந்தாவது மேட்டைக் காணோம். ஓஏஇ உள்காதின் மயிர்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும், அதற்கு மேல் நரம்பு சேதியைக் கொண்டு போகிறதா என்பதைப் பெராதான் காட்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஆடிட்டரி நியூரோபதி (செவி நரம்புக் கோளாறு) என்று பெயர் சொன்னார்கள். காமாலையால் வந்ததென்றால் சில குழந்தைகளுக்கு மாதங்கள் போகப்போகத் தேறும், ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்றார்கள். ஆறாம் மாதம் திரும்ப எடுத்தோம். வலது காதில் 60இல் மேடு தெரிந்தது. இடது இன்னும் இல்லை. அடுத்தது ஒன்பதாம் மாதம்.

நிலா அம்மா, சேலம்:

மூன்று மாதம் தாண்டியும் தள்ளிப்போடுகிறவர்கள் சீக்கிரம் போய்விடுங்கள். மாதம் ஏற ஏற, மருந்தில்லாமல் தூங்கவைப்பது கஷ்டம். இவளுக்கு ஒன்றரை வயதில் எடுத்தபோது மயக்க சிரப் கொடுத்தும் இரண்டு மணி நேரம் தோளில் போட்டு நடந்தேன். அப்புறம், கொலுசைக் கழற்றிவிட்டுப் போங்கள். கொலுசுச் சத்தத்தில் அவளே விழித்துக்கொண்டாள்.