கச்சேரி மேடையில் எல்லாக் கருவிகளையும் சாம்பிளரே ஓட்டலாமா?

பாம்பன்_தாளம் எழுதியது:

எங்கள் இன்னிசைக் குழு மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை கோயில் திருவிழாக்களிலும் தேவாலயத் திருநாட்களிலும் வாசிக்கிறது. இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ் சிந்தசைசர், ஒரு ரிதம் பேட், தவில். பின்னணித் தாளமும் பேஸும் இப்போது லேப்டாப்பிலிருந்து ஓடுகின்றன. அந்த லேப்டாப்பை மேடையிலிருந்து நீக்கிவிட்டு, அகாய் எம்பிசி ஒன் சாம்பிளரை (பதிந்த ஒலிகளைப் பேடில் தட்டி ஒலிக்கவிடும் பெட்டி) நடுவில் வைத்து, மற்றக் கருவிகளை அதன் சீக்வென்சரிலிருந்து (ஸ்வரங்களை வரிசையாக அடுக்கி ஓட்டும் பகுதி) மிடி (எந்த ஸ்வரம், எப்போது என்று கருவிக்குக் கருவி சொல்லும் செய்திமுறை) வழியாக ஓட்ட வேண்டும் என்கிறேன். குழுவில் பாதிப் பேர் ஒப்பவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

என் முதல் காரணம் பாடகர். மேடையில் எந்தப் பாட்டும் எழுதி வைத்தபடி போவதில்லை. கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கினால் பல்லவி இன்னொரு முறை வரும். இடையிசை முடியுமுன் விழாக் குழுவினர் மைக்கைக் கேட்பார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நீளமாக அடுக்கி வைத்த டிராக்கால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. எம்பிசியில் பல்லவி ஒரு சீக்வென்ஸ், இடையிசை ஒன்று, சரணம் ஒன்று. அடுத்ததை நான் தட்டும்வரை இப்போது ஓடுவது சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டினாலும் பாதியில் அறுபடாது. சுற்று முடிந்த பிறகே மாறும்.

இது புதுமையும் இல்லை. 1988-இல் ரோஜர் லின் அகாய்க்காக வடிவமைத்த எம்பிசி60-இலேயே சாம்பிளர், சீக்வென்சர், நான்கு மிடி அவுட் மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தன. வெளிக் கருவிகளை ஓட்டுவது இந்த இனத்துக்குப் பிறவி வேலை.

இரண்டாவது காரணம் இரைச்சல். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் லேப்டாப்பின் யுஎஸ்பி கேபிளும் மிக்சருக்குப் போகும் ஆடியோ கேபிளும் சேர்ந்து எர்த்தை வளையமாக்கிவிடுகின்றன. ஸ்பீக்கரில் "ம்ம்" என்ற ஒலி நிற்பதே இல்லை. ஐந்து முனை மிடி கேபிளில் அந்தத் தொல்லை வராது. வாங்கும் கருவிக்குள் ஆப்டோகப்ளர் இருக்கிறது. செய்தி ஒளியாகத் தாண்டுகிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே இல்லை.

கீழக்கரை_ஒலி எழுதியது:

தம்பி, நான் ஒலிபெருக்கி அமைப்பவன். நீங்கள் சொல்லும் இரைச்சலை வருடக்கணக்கில் கேட்டவன். அதற்காகக் கருவியையே மாற்ற வேண்டியதில்லை. ஆடியோ வழியில், கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே, டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியை வைத்தால் வளையம் அறுந்துவிடும். சீக்வென்ஸைச் சுற்றவிடும் வசதியும் சாம்பிளருக்கு மட்டும் சொந்தமில்லை. லேப்டாப்பில் ஓடும் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் 2001-இல் வந்தபோதே, துண்டுகளை விருப்பப்படி சுற்றவிட்டு அடுத்ததைத் தட்டி எழுப்பும் முறை அதில் இருந்தது. நீளமான டிராக்கை ஓட்டுவது உங்கள் குழுவின் பழக்கம். அதற்கு லேப்டாப்பைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இப்போது என் கேள்வி. நம் பக்கத்து மேடைகளில் ஜெனரேட்டர் எத்தனை முறை இருமி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, எம்பிசி ஒன்னில் இல்லை. மின்சாரம் ஒரு நொடி போனால் உங்கள் நடுநாயகம் அணைந்து, திரும்ப எழுந்து, பாட்டுக் கோப்பைத் திறந்து முடிக்கும்வரை பாடகர் என்ன செய்வார்? கீபோர்டு அணைந்தால் ஒருவர் மட்டும் நிற்பார். எல்லோரையும் ஓட்டும் பெட்டி அணைந்தால் எல்லோரும் நிற்பார்கள்.

தொண்டி_ஸ்வரம் எழுதியது:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் கீபோர்டு வாசிப்பவள். எம்பிசி ஒன்னில் ஐந்து முனை மிடி அவுட் ஒன்றே ஒன்றுதான். மிடியின் வேகம் 1983-இல் வகுத்தது: நொடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஆகிறது. பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் தட்டில் இரண்டு கீபோர்டுக்கும் நான்கு நான்கு ஸ்வரங்கள், பேஸுக்கு ஒன்று, ரிதம் பேடுக்கு மூன்று என்று அனுப்பினால் பன்னிரண்டு செய்திகள் ஒரே கம்பியில் வரிசை கட்டும். கடைசியில் நிற்பது பன்னிரண்டு மில்லி நொடி பின்தங்கும். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிப்பில் காது பொறுத்துக்கொள்ளும். பேஸும் டிரம்மும் விலகினால் பொறுக்காது.

பாம்பன்_தாளம் எழுதியது:

அக்கா, கணக்கு சரி. ஆனால் டிரம்மை ஏன் மிடியில் அனுப்ப வேண்டும்? அது சாம்பிளருக்குள்ளேயே ஒலிக்கும். கம்பியில் போக வேண்டியவை பேஸ், கார்டு, ஒலி மாற்றும் கட்டளை, இவை மட்டுமே. லேப்டாப்பைவிடச் சாம்பிளரை நடுவில் வைப்பதன் பொருளே இதுதான்: தாளம் பிறக்கும் இடமும் தாளத்தைப் பங்கிடும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. பேஸ் டிராக்கை வரிசையில் முன்னால் வைத்துக்கொள்வேன். அதுவும் போதாவிட்டால் எம்பிசியின் யுஎஸ்பி துளையில் இரண்டாவது மிடி இன்டர்பேஸைச் செருகி பேஸைத் தனிக் கம்பியில் பிரித்துவிடலாம்.

காக்கா, மின்சாரத்துக்கு என் பதில் சிறிய யுபிஎஸ். அது பிடிக்காதவர்களுக்கு 2017-இல் வந்த எம்பிசி லைவ் இருக்கிறது. அதற்குள் பேட்டரி உண்டு. லேப்டாப் அணையாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதோடு இணைந்த ஆடியோ இன்டர்பேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) தனி மின்சாரத்தில் ஓடினால் அது அணைந்து, மென்பொருள் அதைத் தேடிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, நம் கரைக்கே உரியது. ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருநாள் சமயத்தில் சோழகக் காற்று மணலையும் உப்பையும் வாரி இறைக்கிறது. லேப்டாப்பின் விசிறி அதை உள்ளே இழுக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் பனி இறங்கும்போது டிராக்பேடில் ஈர விரல் நழுவுகிறது. ரப்பர் பேடை ஈரக் கையால் அடித்தாலும் அது கேட்கும்.

கீழக்கரை_ஒலி எழுதியது:

உப்புக்கு உங்கள் பெட்டியும் தப்பாது. மிடி துளைகளில் பச்சை பூத்த கருவிகளை நான் துடைத்திருக்கிறேன். காண்டாக்ட் கிளீனரும் சிலிக்கா ஜெல்லும் எதற்கும் வேண்டும். யுஎஸ்பி துளையில் இன்டர்பேஸ், பக்கத்தில் யுபிஎஸ் என்று பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். லேப்டாப்புக்கு நான் கேட்டது ஒரு டிஐ பாக்ஸ்தான்.

தேவிபட்டினம்_வலந்தலை எழுதியது:

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் படித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் தவில் வாசிப்பவன். அம்மன் பாட்டு தொடங்கும் காலமும் முடியும் காலமும் ஒன்றாக இருக்காது. சாமி இறங்கும் நேரத்தில் மேளம் முந்தும். முந்தத்தான் வேண்டும். அதுதான் அந்தப் பாட்டின் உயிர். உங்கள் பெட்டி தொடங்கிய வேகத்திலேயே கடைசிவரை போகும். அதற்குக் கட்டுப்பட்டு நான் வாசித்தால் என் கை கட்டுண்டு போகிறது. லேப்டாப் ஆனாலும் சாம்பிளர் ஆனாலும் எனக்கு ஒன்றுதான். தாளத்தின் நடுவில் மனிதன் இருக்க வேண்டும்.

பாம்பன்_தாளம் எழுதியது:

ஐயா, இந்த விவாதத்தில் எனக்கு உண்மையாகவே உறைத்த வாதம் உங்களுடையது. நீங்கள் முந்தும்போது நான் டேப் டெம்போ பொத்தானை உங்கள் அடிக்கு ஏற்பத் தட்டினால் எம்பிசியின் வேகம் மாறும். அதிலிருந்து போகும் மிடி கிளாக் (வேகத்தைச் சொல்லும் செய்தி) ஒரு தட்டுக்கு 24 துடிப்பு அனுப்புவதால், அதைப் பின்பற்றும் கருவிகளும் கூடவே முந்தும்.

ஒரு நிபந்தனை உண்டு. உடுக்கையையோ பம்பையையோ நான்கு பார் லூப்பாகப் பதிந்து வைத்தால் வேகம் மாறும்போது அது விலகும், அல்லது இழுத்துச் சுருக்கியதில் ஒலி கெடும். ஆகவே அந்த லூப்பை ஒற்றை அடிகளாக வெட்டி, ஒவ்வோர் அடியையும் தனி பேடில் வைத்து, சீக்வென்சரால் அடிக்கவிட வேண்டும். அப்போது வேகம் எவ்வளவு மாறினாலும் அடி அடியாகவே இருக்கும். மிஸ்ர சாபுக்கும் வழி இருக்கிறது: சீக்வென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள அளவு வைக்கலாம், ஏழு எண்ணிக்கையில் ஒன்றும் எட்டில் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கலாம்.

வெட்டும் வேலை பெரியதுதான். எங்கள் ரிதம் பேட் வாசிப்பவர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த நாட்களில் இருவருமாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம்.

தொண்டி_ஸ்வரம் எழுதியது:

டிரம் உள்ளேயே ஒலிக்கும் என்றால் என் கணக்கின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது, ஏற்கிறேன். ஆனால் சின்னத் திரையில் நீண்ட இடையிசையைத் திருத்துவது கொடுமை. அதை வீட்டில் லேப்டாப்பில் எழுதி, மிடி கோப்பாக எம்பிசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் கீபோர்டின் ஒலி மாறும் கட்டளையைப் பாரின் முதல் தட்டில் வைக்காதீர்கள். ஒரு தட்டு முன்னதாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் முதல் ஸ்வரம் பழைய ஒலியிலேயே வந்துவிடும்.

கீழக்கரை_ஒலி எழுதியது:

வீட்டில் லேப்டாப், மேடையில் சாம்பிளர் என்றால் ஒரே பாட்டை இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும். எது புதியது என்ற குழப்பம் ஒத்திகை நாளில் வரும். எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. நீங்கள் கொண்டுவந்தால் ஒலியை நான் சரியாகக் கொடுப்பேன், அதில் குறை இருக்காது. யுபிஎஸ் மட்டும் கட்டாயம்.

தேவிபட்டினம்_வலந்தலை எழுதியது:

டேப் பொத்தானைத் தட்டுபவன் என் கையைப் பார்க்க வேண்டும். அப்படியானால் சாம்பிளரை கீபோர்டுகளுக்கு நடுவில் வைக்காதே தம்பி. எனக்கு வலப்புறம் வை. வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) விரல் விழுவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

தொண்டி_ஸ்வரம் எழுதியது:

அப்படி வைத்தால் கீபோர்டு வரை மிடி கேபிள் நீளும். 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தேவிபட்டினம் மேடையின் அகலத்தை யாராவது அளந்து இங்கே போடுங்கள்.