காகோபெட்ரியாவில் சமையலறையோடு தங்குவது: தெரிந்தவர்கள் சொல்லலாம்

சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையில், நாமே சமைத்துச் சாப்பிடும் சிறு விடுதிகள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். காகோபெட்ரியாவை வைத்தே சொல்கிறேன். பக்கத்து ஊர்களுக்கும் முக்கால்வாசி இதுதான் பொருந்தும். ஊர் சுமார் 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிக்கோசியாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம், லார்னகா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஹோட்டல் என்று இருந்தாலும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய கல்வீட்டை நாலைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சமையலறை வைத்திருப்பார்கள். உரிமையாளர் அடுத்த தெருவிலோ நிக்கோசியாவிலோ இருப்பார். சாவி வாங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: வெந்நீர் சுவிட்ச் எங்கே, மின்பலகை (ஃபியூஸ் பெட்டி) எங்கே, கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டர் வால்வு எங்கே. வைஃபை கடவுச்சொல்லை அப்புறம் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

வெந்நீர்தான் அதிகம் பேரை மாட்டிவிடுவது. தீவு முழுக்கக் கூரைமேல் சூரிய வெந்நீர்த் தொட்டிதான். கோடை மாலையில் குழாயைத் திறந்தால் தோல் பொத்துப்போகும் சூடு வரும், குழந்தை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் வெந்நீரைக் கலக்க வேண்டும். மேகம் மூடிய நாளிலும், முந்தைய இரவு எல்லாரும் குளித்துத் தீர்த்த மறுநாள் காலையிலும் வெறும் குளிர்நீர்தான். அப்போதைக்குத் தொட்டிக்குள் தண்ணீரைச் சூடேற்றும் மின்கம்பி ஒன்று உண்டு. அதன் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே, சிவப்பு விளக்கோடு இருக்கும். கம்பி 3 கிலோவாட் என்றால் ஒருவர் குளிக்கும் 50 லிட்டருக்கு அரை மணி போதும். 150 லிட்டர் தொட்டி முழுவதும் சூடேற இரண்டு மணி நேரம் பிடிக்கும். போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புவது வீண்செலவு. கூரையிலிருந்து சூடு இறங்கி வருவதற்குள் ஒரு வாளித் தண்ணீர் வீணாக ஓடும், அதைப் பிடித்துவைத்துப் பாத்திரம் கழுவுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த தீவு அது.

அடுத்து மின்சாரம். வெந்நீர்க் கம்பி ஓடும்போதே கெட்டிலையும் ஓவனையும் போட்டால் பழைய வீட்டில் மெயின் ட்ரிப் ஆகிவிடும். எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு நெம்புகோலைத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். குறிப்பிட்ட ஒன்றைப் போடும்போதெல்லாம் விழுந்தால் அந்தக் கருவியில்தான் கசிவு, அதை விட்டுவிட்டு உரிமையாளருக்குச் சொல்லுங்கள். சாக்கெட் பிரிட்டிஷ் வகை, மூன்று தட்டை முனை. நம்மூர் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் வேண்டும். இலங்கையிலிருந்து புதிய வகை பிளக்கோடு வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பையில் போடாதீர்கள். பக்கத்தில் மூடிபோட்ட கூடை வைத்திருப்பது அதற்குத்தான். குழாய்கள் குறுகலானவை, அடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது.

* * *

மேலே சொன்னதோடு குசினி (சமையலறை) விசயத்தை நான் சேர்க்கிறேன்.

கனக்க இடங்களில் இருப்பது இரண்டு தட்டு மின் அடுப்பு, வார்ப்பிரும்புத் தட்டு. சூடேற ஆறேழு நிமிடம் பிடிக்கும், ஆறுவதற்கு அதைவிடக் கூட நேரம். பால் பொங்கி வரும்போது குமிழைத் திருகிக் குறைத்தால் ஒன்றும் நடக்காது, சட்டியையே தூக்கி அடுத்த தட்டில் வைக்க வேண்டும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம். பாஸ்மதி ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டு, தண்ணீர் மேலே தெரியாமல் வற்றினதும் அடுப்பை அணைத்துவிட்டு மூடிவையுங்கோ, மிச்சச் சூட்டிலேயே பத்து நிமிடத்தில் சோறு பதமாகிவிடும். அடி உருண்ட தாச்சி (வாணலி) இந்த அடுப்புக்குச் சரிவராது, தட்டையான அடி வேண்டும்.

இரண்டு சட்டி, ஒரு நொன்ஸ்டிக் பான், வெட்டாத கத்தி, கோப்பி காய்ச்சுகிற நீளக் கைபிடிக் குவளை ஒன்று: பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அந்தக் குவளையில் ஒரு ஆளுக்குத் தேத்தண்ணிப் பால் காய்ச்சலாம். தேத்தண்ணி வடிகட்டியும் சின்னக் கத்தியும் கொண்டுபோங்கோ, கத்தி செக்-இன் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிரஷர் குக்கர் இருக்காது. அதனால் துவரம் பருப்பை மறந்துவிட்டு மைசூர்ப் பருப்பு வாங்கினால் இருபது நிமிடத்தில் அவிந்துவிடும்.

ஊர்க் கடையில் கிடைக்கிறதில் நமக்கு மெத்தப் பயன்படுவது புர்கூரி. அவித்துக் காயவைத்து உடைத்த கோதுமை. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், எட்டு நிமிடம் கொதி, பத்து நிமிடம் மூடிவைப்பு. வெங்காயம், மிளகாய் தாளித்தால் அசல் உப்புமா. சைப்ரஸ்காரர் தக்காளியும் சேமியாவும் போட்டுச் செய்வார்கள், அதுவும் நல்லது. பச்சைக் கொத்தமல்லி, வெண்டிக்காய் (கோடையில்), வெள்ளைக் கௌபி (காராமணி), குளிர்காலத்தில் கொலோகாசி எல்லாம் அவர்களின் அன்றாடச் சாமான். கொலோகாசி நம்முடைய சேப்பங்கிழங்கின் பெரிய சொந்தம். தோலைச் சீவுமுன் கழுவித் துடைத்துவிட வேண்டும், சீவின பிறகு தண்ணீர் பட்டால் வழுவழுப்பு விடாது. பாதி வெட்டி மீதியை உடைத்து எடுப்பது அங்கத்தைய வழக்கம்.

ஊரிலிருந்து கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் சார்ந்த எதுவும் பெட்டியில் கொண்டுவரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், காய்ந்தது என்றால் பிரச்சினை இல்லை. கடுகு, புளி, மிளகாய்த்தூள் மலையூர்க் கடையில் தேடி அலையாதேயுங்கோ. நிக்கோசியாவிலும் லிமாசோலிலும் ஆசியக் கடைகள் இருக்கின்றன, மலை ஏற முன்னம் அங்கேயே வாங்கிவிடுவது புத்தி.

கடை நேரம் முக்கியம். புதன் பின்னேரமும் சனி பின்னேரமும் சின்னக் கடைகள் பூட்டுகிறது பழைய வழக்கம், மலையில் இன்னும் சிலர் விடவில்லை. பாணுக்கு பேக்கரி விடியவே திறந்திருக்கும்.

* * *

குளிர்காலத்துக்குப் போகிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து மார்ச் வரை சூடேற்றும் செலவு வாடகையில் அடக்கமா என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். எண்ணெய்க் கொதிகலன் இருந்தால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். தடித்த கற்சுவர் கோடையில் ஏசி தேவையில்லாமல் காக்கும். அதே சுவர் ஜனவரியில் பல நாள் ஆளில்லாமல் கிடந்தால் நீங்கள் போய்ச் சேரும் இரவு முழுக்கக் குளிரைக் கக்கும். முடிந்தால் வருவதற்கு முந்தைய நாளே சூடேற்றச் சொல்லுங்கள்.

கணப்பு அடுப்பு இருந்தால், விறகு வைக்குமுன் புகைக்குழாயின் மூடி திறந்திருக்கிறதா பாருங்கள். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய் வாயருகே பிடித்தால் புகை மேலே இழுக்கிறதா, அறைக்குள் திரும்புகிறதா என்று உடனே தெரியும். திரும்பினால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து மறுபடி முயலுங்கள். முற்றத்தில் இருக்கும் ஃபூகு கரியடுப்பை மழைக்குப் பயந்து உள்ளே தூக்கி வரவே கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனை கிடையாது. கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வனத்துறை கட்டிவைத்த சுற்றுலா இடங்களுக்கு வெளியே மூட்டினால் குற்றம். காட்டில் புகையைக் கண்டால் 1407, மற்ற எல்லாவற்றுக்கும் 112.

* * *

கார் பற்றி யாரும் சொல்லவில்லை. நம்மைப்போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது பெரிய நிம்மதி. பழைய ஊருக்குள் சந்துகள் குறுகல், கல் பாவியவை. காரைக் கீழே நிறுத்திவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டிவரும், அந்தக் கல்லில் சின்னச் சக்கரம் நிற்காது. முதுகுப் பைதான் நல்லது. மாடி அறைக்கு மரப்படி செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். ஆற்றோரத்து அறை படத்தில் அழகுதான். பனி உருகும் மாதங்களில் இரவு முழுக்க இரைச்சல், அது பிடிக்காதவர்கள் சந்துப் பக்கம் கேட்கலாம்.

வாடகைக் காரின் காப்பீடு பெரும்பாலும் மண்சாலையில் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் வரும் சேதத்தைத் தராது. கூகுள் காட்டும் குறுக்குவழி பாதியில் மண்பாதையாக மாறுவது ட்ரூடோஸில் சகஜம். பனி விழுந்தால் உச்சிக்குப் போகும் சாலைகளில் சங்கிலியோ நான்கு சக்கர இயக்கமோ இல்லாத வண்டியைப் போலீஸ் திருப்பி அனுப்பும். உச்சியான ஒலிம்போஸ் 1,952 மீட்டர், ஊரில் வெயில் அடிக்கும்போதே அங்கே பனி கிடக்கும்.

பெட்ரோல் பங்கில் இரவிலும் ஞாயிறிலும் இயந்திரம்தான். முதலில் எத்தனை யூரோ என்று போட்டுவிட்டுப் பிறகு நிரப்புவது. நோட்டு போட்டால் மீதி தராது, டேங்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக் குறைத்தே போடுங்கள்.

* * *

அங்கே தங்கி யுனெஸ்கோ தேவாலயங்களைப் பார்க்காமல் வராதீர்கள். மொத்தம் பத்து. காகோபெட்ரியாவுக்கு மேலே சுமார் மூன்று கிலோமீட்டரில் ஆகியோஸ் நிக்கோலாவோஸ் திஸ் ஸ்தேகிஸ் இருக்கிறது. குவிமாடத்தின்மேல் பனி நிற்காதபடி மரச்சட்டம் கட்டி, ஓடு வேய்ந்து, இரண்டாவது கூரை போட்டிருக்கிறார்கள். கீழே கலாதா ஊரில் 1502இல் கட்டிய ‘பொதித்து’ தேவாலயம். அரை மணி ஓட்டத்தில் அசினு தேவாலயம், அதன் சுவரோவியங்களில் மூத்தவை 1105-06ஐச் சேர்ந்தவை. சின்னத் தேவாலயங்கள் பூட்டியிருந்தால் கதவில் காவலர் எண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஊர்க் காபிக் கடையில் விசாரியுங்கள், சாவியோடு வருவார். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கூப்பிட்டால் எழுந்து வர மனம் வராது, காலையே போய்விடுங்கள். உள்ளே படம் எடுக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். டார்ச்சை ஓவியத்தின்மேல் அடிக்காமல், கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள், மேல் வரிசை தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.