தெருக் காவல் குழு: எங்கள் பகுதிகளில் நடந்தவை

மாடம்பாக்கம், தாம்பரம்

பள்ளி மூடியதும் எங்கள் நகரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். அப்படி ஒரு மே மாதத்தில் பூட்டிய வீடுகள் அடுத்தடுத்து உடைக்கப்பட்டன. நகை போன வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான் மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம்.

முதலில் எழுந்த குரல்களெல்லாம் தடி, விசில், இரவு ரோந்து என்றே இருந்தன. அடையாள அட்டை வேண்டும், ஒரே நிறச் சட்டை வேண்டும் என்றார் ஓர் இளைஞர். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து மறுத்தார். 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய, போலீசாருக்கு உதவும் தன்னார்வலர்களின் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்ததைத் தொடர்ந்து 2020 ஜூலையில் தடை செய்யப்பட்டதை அவர் நினைவூட்டினார். “கழுத்தில் அட்டை தொங்கினால் யாரையும் நிறுத்திக் கேட்கலாம் என்ற நினைப்பு வந்துவிடும். நமக்கு அது வேண்டாம்” என்றார். வாக்குவாதம் வெகுநேரம் நீண்டது. கடைசியில் அதுவே எங்கள் முதல் விதியானது.

அடுத்த கூட்டத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. வந்தார். “பாருங்கள், சொல்லுங்கள். பிடிப்பது எங்கள் வேலை” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மிகக் குறைவு. தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீசார் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பிடிக்கலாம், அல்லது தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரைப் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு இது. ‘சந்தேகமாக இருந்தது’ என்பதற்காக ஒருவரைக் கம்பத்தில் கட்டி வைத்தால் நாமே குற்றவாளி ஆவோம். இதைக் கேட்டதும் தடி கேட்டவர்கள் அமைதியானார்கள்.

பலன் தந்த வேலைகள் எல்லாம் சின்னச் சின்னவை. எரியாத தெருவிளக்குகளைக் கம்ப எண்ணோடு குறித்து மாநகராட்சிக்குக் கொடுத்தோம். காலி மனைகளில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த புதரை வெட்டினோம். ரோந்து போலீசார் கையெழுத்திடும் பட்டா புத்தகம் ஒன்றை ஏரிக்கரைப் பக்கமும் வைக்கும்படி கேட்டு வாங்கினோம். ஊருக்குப் போகிறவர்கள் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வாசலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் சேராமல் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள்.

கேமரா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்கி மாட்டுவதோடு எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பதிவுப் பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். நேரம் தவறாக இருந்தால், வேண்டிய காட்சியைத் தேடுவதற்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். பெட்டியைக் கூடத்தில் டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

ஒரு சம்பவம். நள்ளிரவு தாண்டி, காலி மனையின் சுற்றுச்சுவரில் ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்து போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். வடநாட்டுக்காரர். குழுவில் தகவல் வந்ததும் நான்கைந்து பேர் கிளம்பத் தயாரானார்கள். இருவருக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் விதி. இந்தி தெரிந்த ஒருவரும் நானும் போனோம். “யாரைத் தேடுகிறீர்கள், உதவி வேண்டுமா?” என்று கேட்டோம். அவர் அடுத்த தெருவில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டுபவர். தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குள் சிக்னல் எடுப்பதில்லை. ஊரில் மனைவிக்குப் பிரசவ வலி. மறுநாள் மேஸ்திரியின் எண்ணையும் அந்த இளைஞரின் எண்ணையும் வாங்கிக் குழுவில் சேர்த்தோம். பின்னொரு மழை இரவில் மின்கம்பி அறுந்து சாலையில் கிடந்ததை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் அந்தக் கொட்டகைக்காரர்கள்தான்.

போளூர் பக்கத்துக் கிராமம்

உங்கள் ‘இருவருக்கு மேல் போகக் கூடாது’ என்ற விதியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் காவல் என்றாலே 2018 மே மாதம்தான் நினைவுக்கு வரும். பிள்ளை பிடிப்பவர்கள் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. கோயிலுக்குப் போக அத்திமூர் வழியாகக் காரில் வந்த குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள். சென்னையிலிருந்து சாமி கும்பிட வந்த குடும்பம் அது. அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஓர் உயிர் இப்படிப் போனது. தமக்கு வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான்.

அந்த வாரங்களில் எங்கள் ஊரிலும் பையன்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். விடியற்காலையில் வந்த குடுகுடுப்பைக்காரரை வளைத்துக்கொண்டார்கள். பையை அவிழ்க்கச் சொல்லி ஒருவன் கையை ஓங்கிவிட்டான். சத்தம் கேட்டு என் பாட்டி ஓடி வந்து நடுவில் நின்றார். “இவன் அப்பனுக்கும் நான் நெல் போட்டிருக்கிறேன். இவனை அடிப்பதானால் என்னை அடித்துவிட்டு அடியுங்கள்” என்றார். பையன்கள் விலகினார்கள்.

இப்போது எங்கள் ஊர்க் குழுவில் முறைவைத்துக் காவலுக்கு நிற்பவர்களோடு வயதானவர் ஒருவராவது இருப்பார். ஊருக்கு வந்து போகிறவர்களை அவர்களுக்குத்தான் தெரியும். காவல் நிலையத்தில் கேட்காமல் எந்தக் குரல் பதிவையும் யாரும் அனுப்பக் கூடாது. அனுப்பியவரைக் குழுவிலிருந்து நீக்கியும் இருக்கிறோம், உறவினர் என்று பார்க்கவில்லை.

வடவள்ளி, கோவை

இரவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் சங்கிலி பறிப்பு நடந்தது காலையில், கோலம் போடும் நேரத்தில். வீடு புகுந்தது பகல் பதினோரு மணிவாக்கில். அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் பெண்களும், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும், வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்கார அண்ணனும்தான். எந்த வீட்டில் யார் ஊரில் இல்லை என்று துணிக்கணக்கை வைத்தே அவர் சொல்லிவிடுவார். அவரைக் குழுவில் சேர்க்கலாம் என்றபோது சிலர் முகம் சுளித்தார்கள். சென்ற ஆண்டு எண் பலகை இல்லாத வண்டி ஒன்று தெருவை மூன்று முறை சுற்றியதைக் கவனித்து 100-க்குப் பேசியவர் அவரேதான். அதன் பிறகு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

மாடம்பாக்கம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வாடகைக்கு இருப்பவர்களை எப்படிச் சேர்த்தீர்கள்? இங்கே சங்கத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே இடம். குடியிருப்பவர்களுக்குக் கூட்டத்துக்கு அழைப்பே வருவதில்லை.

மாடம்பாக்கம், தாம்பரம்

அம்மா, நீங்கள் சொன்ன சிக்கல் எங்களுக்கும் இருந்தது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கம் என்பதால் உறுப்பினர் விதியை மாற்றப் பொதுக்குழு கூட்ட வேண்டும், நாள் ஆகும். காவல் குழுவை அதற்காகக் காக்க வைக்கவில்லை. குழுவுக்குச் சந்தா கிடையாது, தெருவில் குடியிருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவில் இரவுப் பணி முடிந்து அதிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். அந்த நேரத்தில் தெருவைப் பார்க்கும் கண்கள் அவர்களுடையவை. கேமரா செலவை மட்டும் உரிமையாளர்களிடம் வாங்கினோம். உங்கள் சங்கத் தலைவர் மறுத்தால் தெருவளவில் நீங்களே தொடங்குங்கள். இஸ்திரிக்கார அண்ணனிடமிருந்தே பட்டியலை ஆரம்பிக்கலாம்.