கெம்ப் வழக்கு: மருத்துவர் கிறிஸ்டின் பாட்டுக்கு 9 ஆண்டுச் சிறை ஏன்?

வேதியியல் ஆசிரியை (கேள்வி)

வணக்கம். 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எல்.எஸ்.டி. என்ற பிரமையூட்டும் போதைப்பொருளைத் தயாரித்து விற்ற ஒரு கும்பலை 1970களில் பிரிட்டன் காவல்துறை பிடித்த ‘ஆபரேஷன் ஜூலி’ வழக்கைப் பற்றி ஒரு மாதமாகப் படித்துவருகிறேன். மனம் ஆறவில்லை.

அந்தக் கும்பலின் வேதியியலாளரான ரிச்சர்ட் கெம்ப் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் தயாரித்த எல்.எஸ்.டி. மிகத் தூய்மையானது என்று பெயர் பெற்றது. மைக்ரோகிராமில் அளக்கும் பொருள் அது. ஒரு கிராமே ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போதும். எத்தனையோ பிள்ளைகளுக்கு பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட கை பத்தாண்டுக்கு ஒன்றுதான் வாய்க்கும். அந்தக் கை வேல்ஸில் கார்னோ என்ற ஊருக்கு அருகே, ஒரு பழைய மாளிகையின் நிலவறையில் ஒளிந்து வேலை செய்திருக்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

இரண்டு விஷயங்களை யாராவது விளக்குங்கள். ஒரு சாலை விபத்தால்தான் அவர் சிக்கினாரா? ட்ரெகாரன் அருகே குடிசை வீட்டில் அவரோடு வாழ்ந்து ஆடு வளர்த்த மருத்துவர் கிறிஸ்டின் பாட் ஆய்வகத்தை நடத்தியவர் அல்லர். அவருக்கு 9 ஆண்டுகள் எப்படி வந்தது? விற்பனையில் முக்கியமானவரான ஆல்ஸ்டன் ஹியூஸுக்கே 8 ஆண்டுகள்தானே?

மலையோரன்

அம்மா, விபத்து மட்டும் காரணமில்லை. 1973இல் கனடாவில் ஹஷீஷுடன் (கஞ்சாப் பிசின்) பிடிபட்ட பழைய கூட்டாளி ஒருவர் கெம்பின் பெயரை முன்பே சொல்லிவிட்டார். பிறகுதான் மக்கன்லெத் அருகே கெம்பின் வண்டி மோதி, ஒரு பாதிரியாரின் மனைவி இறந்தார். வண்டியைச் சோதித்த காவலர்கள் கிழிந்த காகிதத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது ஒரு ரசாயனத்தின் பெயர் கிடைத்தது. அது எல்.எஸ்.டி. தயாரிப்பில் பயன்படுவது.

அதன்பின் டிக் லீ என்ற ஆய்வாளரின் தலைமையில் பல மாவட்டக் காவலர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். குழுவிலிருந்த ஜூலி டெய்லர் என்ற காவலரின் பெயரே நடவடிக்கைக்குச் சூட்டப்பட்டது. சிலர் முடி வளர்த்து, ஹிப்பி வேடத்தில் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். வீட்டுக்கும் மாளிகைக்கும் இடையே ஏறத்தாழ 50 மைல் தூரத்தை கெம்ப் ஓட்டிப் போய் வந்ததைக் கண்காணித்தார்கள். 1977 மார்ச் 26 அதிகாலை, 800 காவலர்கள் ஒரே நேரத்தில் பல வீடுகளில் நுழைந்தார்கள். அந்த டிசம்பரில் கெம்பின் வீட்டருகே தோண்டியபோது 1.3 கிலோ எல்.எஸ்.டி. படிகம் கிடைத்தது. 60 லட்சம் வேளைகளுக்கு மேல் வரும் அளவு அது. திறமையை நினைத்து வருந்துங்கள், அம்மா. ஆனால் இந்த அளவையும் மறக்க வேண்டாம்.

வழக்கறிஞர் (மதுரை)

ஆசிரியை அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பதில் ‘கூட்டுச் சதி’ என்ற குற்றச்சாட்டில் இருக்கிறது. சதி வழக்கில் குடுவையைத் தொட்டாரா என்று கேட்க மாட்டார்கள். உடன்பட்டாரா, உதவினாரா என்றே பார்ப்பார்கள். 1978இல் பிரிஸ்டல் நீதிமன்றம் கெம்புக்கு 13 ஆண்டுகளும் பாட்டுக்கு 9 ஆண்டுகளும் விதித்தது. எனக்கும் அது மிகக் கடுமையாகவே படுகிறது.

இனி நான் சொல்ல வந்தது. அதே குற்றச்சாட்டுதான் பணத்தைத் தப்பவிட்டது! வெளிநாட்டு வங்கிகள் உட்படக் கண்டுபிடிக்கப்பட்ட சொத்து ஏறத்தாழ 7,50,000 பவுண்டு. விசாரணை நீதிமன்றம் அதைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. இதே வழக்கில் தண்டனை பெற்ற குத்பெர்ட்சன் என்பவர் முதலானோர் மேல்முறையீடு செய்தார்கள். 1971ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ‘இச்சட்டத்தின் கீழான குற்றத்துக்கு’ மட்டுமே பொருந்தும். சதி என்பது அச்சட்டத்தின் கீழான குற்றம் அன்று. 1980இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஆணையை ரத்து செய்தது. மிகுந்த வருத்தத்தோடுதான் இம்முடிவுக்கு வருவதாக நீதிபதி டிப்லாக் பிரபு தீர்ப்பிலேயே எழுதினார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1986இல் புதிய பறிமுதல் சட்டம் வந்தது. ஆக, ஆடு வளர்த்தவரை உள்ளே இழுத்த அதே வலையில் பணம் மட்டும் சிக்கவில்லை.

வேதியியல் ஆசிரியை

வழக்கறிஞர் ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டின் 9 ஆண்டுகளையும் அந்தப் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாமல் இருந்தேன்.

மலையோரன் தம்பி சொன்னதும் சரி. மக்கள் எளிமையாக வாழவும் இயற்கை வளத்தைக் குறைத்துச் செலவிடவும் எல்.எஸ்.டி. உதவும் என்று கெம்ப் நீண்ட வாக்குமூலம் தயாரித்திருந்தார். அவர் மனமார நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் எதிரே இருப்பவர் எவ்வளவு தாங்குவார் என்று அறியாமல் 60 லட்சம் பேருக்கு ஊட்ட அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? என் வகுப்பில் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றும் முன்பே கண்ணாடி அணிந்தாயா என்று கேட்பேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் படித்தவற்றில் எல்லாம் அந்தச் சாலையில் இறந்த பெண்மணி ஒரே வரியில் கடந்துபோகிறார், அடுத்த வரியிலேயே காகிதத் துண்டுகள் வந்துவிடுகின்றன. அவரைப் பற்றி அக்காலத்து வேல்ஸ் செய்தித்தாள்களில் யாராவது படித்திருந்தால் இங்கே எழுதுங்கள்.